தோளில் பிள்ளை தூங்கும்போது எந்தப் பை கைகொடுக்கும்?

மூத்தவளுக்கு நாலரை வயது, சின்னவனுக்கு ஒன்றரை. வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போனாலும் சரி, காலிமுகத்திடலுக்குப் போனாலும் சரி, போகும்போது இரண்டு பேரும் துள்ளிக்கொண்டு போவார்கள், வரும்போது ஒருவராவது தோளில் கிடந்து தூங்குவார். இந்த நாலு வருடத்தில் நாலு விதமான பை பாவித்துப் பார்த்துவிட்டோம். எத்தனை பொக்கட், என்ன நிறம் என்பதையெல்லாம் விட்டுவிட்டு இப்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான். ஒரு தோளில் பிள்ளை தூங்கும்போது மற்றக் கையால் மட்டும் பையைத் திறந்து, வேண்டியதை எடுத்து, திரும்ப மூட முடியுமா?

முதலில் பாரத்தைச் சொல்லிவிடுகிறேன். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு வைத்தாலே ஒரு கிலோ. அதோடு பம்பஸ் நாலு, வெட் டிஷு பக்கட், இரண்டு பேருக்கும் மாற்றுடுப்பு, சுடுதண்ணிப் பிளாஸ்க், அளந்து போட்ட பால்மா, பிஸ்கட், ஒரு குடை. வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன், மூன்றரைக் கிலோவுக்குக் கிட்ட வந்தது. பையின் சொந்தப் பாரம் இதற்கு மேல்.

முதலாவது, ஒற்றைத் தோளில் மாட்டும் பெரிய தோள்பை. வாய் அகலம், மேலே இருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், ஓட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை ஒன்று மட்டும், அதுவும் தவழாத வயது என்றால் இதுவே போதும். ஆனால் கீழே நிற்கிற பிள்ளையைத் தூக்கக் குனிந்தீர்களோ, வார் தோளிலிருந்து நழுவி முழங்கைக்கு வந்துவிடும், மூன்றரைக் கிலோவும் அந்த ஒரு கையில் தொங்கும். கரையோர ரயிலில் ஏறும்போது படி உயரம், ஒரு கையில் பிள்ளை, மறு கையில் கம்பி. அந்த நேரம் பை நழுவினால் அதைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. எங்களுக்கு ஒரு தடவை அப்படி ஆனது. அன்றோடு அந்தப் பை மரக்கறி வாங்கப் போகத் தொடங்கிவிட்டது.

அடுத்தது, குழந்தைக்கென்றே விற்கிற பம்பஸ் பை. இதை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பால் போத்தலின் சூட்டைக் காக்கிற தனி அறையும், விரித்து உடுப்பு மாற்றுகிற சின்னப் பாயும் முதல் எட்டு ஒன்பது மாதத்துக்கு உண்மையாகவே உதவும். பிரச்சினை அதன் பொக்கட்கள்தான். மனைவி அடுக்கினால் எனக்குத் தெரியாது, நான் அடுக்கினால் அவவுக்குத் தெரியாது, பிள்ளை அழும்போது பன்னிரண்டு பொக்கட்டையும் துழாவிக்கொண்டிருப்போம். இன்னொன்று, கொழும்பில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது: தண்ணீர் ஊறாமல் இருக்க இந்தப் பைகளின் உட்புறத்தில் பொலியூரித்தேன் பூச்சு பூசுவார்கள். காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள இடத்தில் அந்தப் பூச்சு நாளாக நாளாக உடைந்து, முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். எங்களுடையது அலுமாரியில் சில மாதம் கிடந்து, வெளியே எடுத்தபோது சின்னவனின் உடுப்பெல்லாம் அந்தச் செதில். கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்தால் உலோகச் சிப்பும் உப்புக்காற்றில் இறுகும், அதனால் எந்தப் பை வாங்கினாலும் பிளாஸ்டிக் பல் வைத்த சிப்பையே பாருங்கள். கன்வஸ் துணி பார்க்க அழகுதான், நனைந்தால் காய நேரம் எடுக்கும், சரியாகக் காயாமல் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

முதுகுப்பைக்கு வருவோம். 20 லீற்றர் அளவு போதும், 30 என்று வாங்கினால் இடம் இருக்கிறதே என்று நிரப்பிவிடுவோம். பாரம் இரண்டு தோளுக்கும் பங்காகிறது, இரண்டு கையும் பிள்ளைகளுக்கு. பாரமான போத்தலையும் பிளாஸ்க்கையும் முதுகை ஒட்டினாற்போல் வைத்தால் பை பின்னுக்கு இழுக்காது. மழைக்கு மேலுறை வாங்கினோம், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரம் கொட்டுகிற மழைக்கு அது மட்டும் காணாது, முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். இப்போது மாற்றுடுப்பை மட்டும் ஒரு தடித்த சொப்பிங் பையில் சுற்றி உள்ளே வைக்கிறோம், அதுதான் சரி.

ஆனால் நான் சொன்ன சோதனையில் முதுகுப்பை தோற்றுவிடுகிறது. அதைத் திறக்கக் கழற்ற வேண்டும், கழற்றப் பிள்ளையை இறக்க வேண்டும், இறக்கினால் எழும்பிவிடும். காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்களில் நெரிசல் நேரம் அதைப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கவும் ஏலாது. முன்னுக்கு மாட்டினால் பிள்ளைக்கு எங்கே இடம்?

அந்தக் குறையைத் தீர்த்தது நாலாவதாக வந்த பை, நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டுகிற, இரண்டு மூன்று லீற்றர் கொள்ளும் சின்னப் பை. வாங்கும்போது எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை, மாற்றுடுப்பே வைக்க முடியாத பை எதற்கு என்றுதான் நினைத்தேன். இப்போது அதில் ஒரு பம்பஸ், சின்ன டிஷு பக்கட், நாலு பிஸ்கட், போன், காசு, அடையாள அட்டை. தூங்குகிற பிள்ளை அசையாமல் ஒரு கையால் எல்லாம் எடுக்கலாம். யாழ்ப்பாண ரயிலில் முதுகுப்பையை மேல்தட்டில் வைத்துவிட்டு மணிக்கணக்காக அதைத் தொடாமல் இருந்தோம், கைக்கு வேண்டியதெல்லாம் குறுக்குப்பையில் இருந்தது.

அதனால் என் தெரிவு, பெரியவர் இரண்டு பேர் போகிறீர்கள் என்றால், 20 லீற்றர் முதுகுப்பையும் ஒரு குறுக்குப்பையும். பிள்ளையைத் தூக்குபவர் குறுக்குப்பை மாட்ட வேண்டும், மற்றவர் முதுகுப்பை. இதை மாற்றி மாட்டினால் பயனே இல்லை. தனியாக இரண்டு பிள்ளைகளோடு போகிறவர் இரண்டையும் மாட்டலாம், முதுகுப்பையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு. கைக்குழந்தை ஒன்று மட்டும் இருக்கிற வீட்டுக்குப் பம்பஸ் பை இன்னும் நல்லதுதான், உட்பூச்சைத் தொட்டுப் பார்த்து வாங்கினால். தள்ளுவண்டியின் கைபிடியில் பையைத் தொங்கவிடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், பிள்ளையை வெளியே தூக்கியதும் வண்டி பின்னுக்குச் சரிந்து விழும். பையை வண்டியின் அடித்தட்டிலேயே வையுங்கள்.

புறக்கோட்டையில் வாங்கப் போனால் இரண்டு போத்தல் தண்ணீரைக் கொண்டுபோய் உள்ளே வைத்து மாட்டிப் பாருங்கள், வெறும் பை எல்லாமே லேசாகத்தான் இருக்கும். உள்துணி வெளிர் நிறமாக இருக்கட்டும், கறுப்புத் துணிக்குள் சூப்பி விழுந்தால் இருட்டில் கண்டுபிடிக்க முடியாது. சிப்பின் நுனியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு கயிற்று வளையம் கட்டிக்கொள்ளுங்கள். எங்களுடையதில் மூத்தவளின் பழைய தலைமுடி ரிப்பன்தான் கட்டியிருக்கிறது.