நான்கு வாரம், ஒரே கதை: நூலகக் கதைநேரம் எப்படி?

"போன வாரமும் இதே கதைதானே?" சிறுவர் கதைநேரத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் முதல் குறை இது. மூன்று வயதுக் குழந்தையோ அதே கதையை "இன்னொரு தடவை" என்று கேட்கும். நியாயம் குழந்தை பக்கம்தான். 2011இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகளுக்குப் புதுச் சொற்கள் நன்றாகப் பதிந்தன. வேறு வேறு கதைகளில் அதே சொற்களை அதே எண்ணிக்கையில் கேட்டவர்களுக்கு அந்த அளவு பதியவில்லை.

ஒரே கதையை நான்கு வாரம் சொல்லும் நூலகக் கதைநேர முறை இப்படித்தான்: வாரம் அரை மணி நேரம், அதே கதை, மாறாத ஆரம்பப் பாட்டு. முதல் வாரம் நிறுத்தாமல் வாசிப்பு. இரண்டாம் வாரத்தில்தான் சரக்கு இருக்கிறது. நாய்க்குட்டி ஒன்று கதவு கதவாகத் தட்டுகிறது, ஒவ்வொரு வீட்டிலும் "இங்கே இல்லை, அடுத்த வீடு!" என்று பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "இங்கே இல்லை..." என்று நிறுத்தி, மீதியைக் குழந்தைகள் சொல்லட்டும் என்று மனதுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். இரண்டிலேயே பொறுமை போய்த் தானே சொல்லிவிடும் கதைசொல்லிகள் நிறைய. பேச வாயெடுத்த குழந்தை அதோடு அடங்கிவிடும். அலுப்பில் "அடுத்த வீடு" என்பதைப் "பக்கத்து வீடு" ஆக்கினாலும் கூட்டுக்குரல் குழம்பும்.

மூன்றாம் வாரம் துணிப் பலகை, அதாவது கதை உருவங்களை ஒட்டி ஒட்டிக் கதை சொல்ல உதவும் துணி போர்த்திய பலகை. உருவங்களை முன்கூட்டியே கொடுத்தால் பாதி வாய்க்குள் போய்விடும். முறை வரும்போது ஒவ்வொன்றாகக் கொடுப்பதே சரி. நான்காம் வாரம் புத்தகத்தை மூடிவிட்டுக் குழந்தைகளே சொல்வது.

கதைநேரத்தை எப்படி நடத்துவது என்று நூலகர்கள் எழுதித் தங்களுக்குள் பகிரும் திட்டத்தாள்கள் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. அடுத்தவர் பாட்டை எடுத்தாள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பெரும்பாலான தாள்களில் தலைப்பும் பாட்டும் மட்டும்தான். எந்த வயது, எத்தனை பேர், எந்தப் பக்கத்தில் நிறுத்தம், எது எடுபடவில்லை என்பதெல்லாம் இருக்காது. எட்டுப் பேரோடு களைகட்டிய சின்னப் புத்தகம் முப்பது பேர் முன்னால் படுத்துவிடும். பின்வரிசைக்குப் படம் தெரியாது, குழந்தைகள் எழுந்து நடமாடத் தொடங்குவார்கள். எடுபடாததை எழுதாத தாளுக்குப் பாதி மதிப்புதான்.

இந்த நான்கு வார முறைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண். ஆறு வயதுக்கு மேல் நான்கு வாரம் இழுவை, இரண்டு போதும். மூன்றாம் வாரம் புதிதாக வரும் குழந்தை விழிக்கும் என்பதும் குறைதான். கதையில் திரும்பத் திரும்ப வரும் வரியைத் தொடங்குமுன் எல்லோருமாக மூன்று முறை சொல்லிவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

பாட்டு வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுப் பெற்றோரிடம் நூலகத்தில் கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள். நூலகத்தில் உதடுகூட அசைக்காத குழந்தை வீட்டுக்குப் போய் முழுப் பாட்டையும் பாடுவது சகஜம். அப்போது கூடவே பாட அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வரிகள் தெரிந்திருக்க வேண்டுமே.