ரோங்கலாப், செமிபலாடின்ஸ்க்: இரு அரசுகள் மறைத்த விதம்

1954 மார்ச் 1 அன்று, பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினியில் அமெரிக்கா வெடித்த ‘காஸில் பிராவோ’ ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், அருகிலிருந்த ரோங்கலாப் தீவில் வெள்ளைப் பொடியாகக் கொட்டியது. பிள்ளைகள் அதை அள்ளி விளையாடினார்கள். தோல் புண்ணாகியது, முடி உதிர்ந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் மக்களை வெளியேற்றினார்கள். மார்ச் 11 அன்று அமெரிக்க அணுசக்தி ஆணையம் வெளியிட்ட அறிக்கையோ, யாருக்கும் தீக்காயமில்லை, எல்லோரும் நலம் என்றது! சில நாட்களிலேயே, அதே சாம்பலில் நனைந்த ஜப்பானிய மீன்பிடிப் படகு யைசு துறைமுகம் திரும்பியது, பொய் அம்பலமானது.

சோவியத் அரசோ, மக்களின் பாதிப்பு பற்றி அறிக்கை எதுவும் விடவில்லை. கஜகஸ்தானின் செமிபலாடின்ஸ்கில் 1949 முதல் 1989 வரை 456 அணுகுண்டுச் சோதனைகள். கதிர்வீச்சுப் பாதிப்பை ஆராய 1957இல் அங்கே ஒரு மருத்துவ நிலையம் திறந்தார்கள். அதற்கு வைத்த பெயர், ‘புருசெல்லோசிஸ் தடுப்பு நிலையம் எண் 4’. கால்நடை நோயின் பெயரால் மனிதர்களைப் பரிசோதித்தார்கள். 1989இல் கவிஞர் ஓல்ஜாஸ் சுலைமெனோவ் தொலைக்காட்சியில் பேசிய பிறகே மக்கள் திரண்டார்கள். 1991இல் தளம் மூடப்பட்டது.

மறைப்பின் ஆழத்தில் சோவியத்தே முந்தி நிற்கிறது. ஆனால் என்னால் மன்னிக்க முடியாதது வேறு: 1957இல், நஞ்சேறிய அதே ரோங்கலாப்புக்கு, பாதுகாப்பானது என்று சொல்லி அமெரிக்கா அந்த மக்களைத் திருப்பி அனுப்பியது.