அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிங்க: 1,50,000 ரூபாய் போச்சு

வயித்தெரிச்சல்ல எழுதுறேன், கோர்வையா இருக்காது.

ஆன்லைன்ல வீடு, மனை விக்கிற பெரிய தளம் ஒண்ணுல பார்த்த விளம்பரம். வாலாஜாபாத் தாண்டி மனை, 1,200 சதுரடி, சதுரடி 950 ரூபாய். "உத்தேச பரந்தூர் ஏர்போர்ட் அருகில். ஒரகடம் 15 நிமிடம். சுவையான நிலத்தடி நீர். டிடிசிபி அப்ரூவ்டு. 80% வங்கிக் கடன் வசதி. இன்னும் சில மனைகளே!"

போய்ப் பார்த்தா, ஒரகடத்துக்கு 15 நிமிஷம்ங்கிறது நடுராத்திரி காலி ரோட்ல பறந்தா. ஏர்போர்ட் 2022-ல அறிவிச்சது, ஊர்க்காரங்க இன்னும் எதிர்த்துப் போராடிக்கிட்டு இருக்காங்க. இதெல்லாம் வழக்கமான பில்டப்னு விட்டுடலாம். வினை அந்த "டிடிசிபி அப்ரூவ்டு"ல இருந்தது. டிடிசிபின்னா மனைப்பிரிவுக்கு அனுமதி தர்ற அரசோட நகர ஊரமைப்புத் துறை.

ஞாயித்துக்கிழமை கார் அனுப்பினாங்க. கூட வந்த பையன் அம்மாவுக்கு இளநி வாங்கிக் கொடுத்து, வரப்புல கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான். "அம்மா, உங்க மகன் மாதிரி நினைச்சுக்கோங்க, தப்பான இடத்தை உங்களுக்குக் காட்டுவேனா?" சீல் போட்ட டிடிசிபி வரைபட ஜெராக்ஸை எடுத்து நீட்டினான். நம்பர் இருந்தது, கையெழுத்து இருந்தது. அம்மாதான் முதல்ல தலையாட்டினாங்க. அங்கேயே 1,50,000 ரூபாய் அனுப்பினேன். வெறும் ரசீது ஒண்ணு கொடுத்தாங்க.

பேங்க் வக்கீல் பேப்பரைப் பார்த்த அன்னிக்கே குட்டு உடைஞ்சுது. அந்த அப்ரூவல் நம்பர் உண்மைதான், ஆனா பக்கத்துல இருக்கிற முதல் ஃபேஸுக்கு, அதாவது முதல் கட்ட மனைகளுக்கு. எங்களுக்குக் காட்டின மனை ரெண்டாவது ஃபேஸ். அந்த சர்வே நம்பருக்கு டிடிசிபி அனுமதியும் இல்ல, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் இல்ல. கிராம நிலக் கணக்கான அடங்கல்ல இன்னும் நஞ்சை!

கேட்டா, "ப்ராசஸ்ல இருக்கு சார், வந்துடும்." அடுத்து, "வரன்முறை பண்ணிக்கலாம்." அனுமதி இல்லாத மனையைப் பின்னாடி சட்டப்படி ஆக்குற அந்தத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி உருவான மனைப்பிரிவுகளுக்குய்யா! நேத்து வரைக்கும் நெல் விளைஞ்ச வயலுக்கு இல்ல. பணத்தைக் கேட்டா எம்.டி. வெளியூர், அக்கவுன்ட்ஸ்ல சொல்லியாச்சு, வேற மனைக்கு மாத்திக்கோங்க. கடைசியா, "ரசீதுக்குப் பின்னாடி படிச்சீங்களா? டோக்கன் திரும்பத் தர மாட்டோம்." என் 1,50,000 ரூபாய்க்குப் பேரு டோக்கனாம். அம்மாவுக்கு மகனா வந்தவன் எங்க நம்பரையே பிளாக் பண்ணிட்டான். விளம்பரம் போட்ட தளமோ, "விளம்பரம் போடுறது மட்டும்தான் எங்க வேலை"ன்னு ஒரு மெயிலோட முடிச்சுக்கிட்டாங்க.

விளம்பர பாஷை மொத்தத்தையும் உடைச்சு எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். கை நடுங்குது, முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

"அப்ரூவ்டு"ன்னா எந்த சர்வே நம்பருக்குன்னு கேளுங்க. வரைபடத்துல உங்க மனை நம்பர் இருக்கான்னு பாருங்க. ரெரா பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெரா தளத்துல நீங்களே தேடுங்க, அவங்க போன்ல காட்டுறதை நம்பாதீங்க. "பஞ்சாயத்து அப்ரூவல்"னு இருந்தா திரும்பியே பார்க்காதீங்க, டிடிசிபி ஒப்புதல் இல்லாம பஞ்சாயத்துத் தலைவர் தானா லேஅவுட்டுக்கு அனுமதி தர முடியாது. "கடன் வசதி"ன்னா பேங்க் ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம் இல்ல. விலையில 10 சதவீதத்துக்கு மேல கேட்டா, முதல்ல விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணச் சொல்லுங்க, ரெரா சட்டம் 13-வது பிரிவு அதைத்தான் சொல்லுது. 11,40,000 மனைக்கு என்கிட்ட 1,50,000 ரூபாய் வாங்கினது அதுக்கு மேல.

பொய் விளம்பரத்தை நம்பிக் கட்டின பணத்தை வட்டியோட திரும்பக் கேட்க அதே சட்டத்துல 12-வது பிரிவு இருக்கு. விளம்பர ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப், ரசீது எதையும் அழிச்சுடாதீங்க. நான் இப்ப அதையெல்லாம் பிரின்ட் எடுத்துக்கிட்டு வக்கீலைப் பார்க்கக் கிளம்புறேன்.