வன்னி இரவுக்கு எந்தப் பல்ப்: எல்ஈடியா, நூறு வாட்டா, பழைய எச்4ஆ?

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு இரவில் ஓடுபவர்களுக்கு மாடு எங்கே படுத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. என் பழைய வானின் வெளிச்சத்தில் அது தெரியும்போது பிரேக் அடிக்க இடமிருக்காது. அதனால்தான் முன் லைற்றின் பல்பை மாற்ற இறங்கினேன். மூன்று வழி இருந்தது: எல்ஈடி, 100/90 வாட் பல்ப், அல்லது அதே 60/55 வாட் எச்4 பல்பை (ஒரே பல்புக்குள் இரண்டு இழை: தூரம் அடிக்கும் பிறைற்றுக்கு 60 வாட், கீழே இறங்கும் டிம்முக்கு 55) வைத்துக்கொண்டு வயரிங்கைத் திருத்துவது. நான் மூன்றாவதில் நிற்கிறேன். நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நூறு வாட்டை விரைவாக முடித்துவிடலாம். பிறைற்றில் இரண்டு பல்பும் சேர்ந்து 10 அம்பியருக்குப் பதிலாக 16க்கு மேல் இழுக்கும். பழைய சுவிச்சும் பிளாஸ்டிக் சொக்கெற்றும் உருகும், பல்புக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பும் றிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு கருகும். நீலம் பூசிய பல்புகளும் வேண்டாம். அந்தப் பூச்சே வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

எல்ஈடியை நான்கு மாதம் ஓட்டினேன். முதல் நாள் பகல் போலிருந்தது. அப்புறம்தான் கவனித்தேன்: வானுக்கு முன்னால் இருபது அடி பளீரென்று வெள்ளை, அதற்கு அப்பால் முன்னைவிட இருட்டு. கிட்ட விழும் வெளிச்சத்துக்குக் கண் பழகிவிட்டால் தூரம் தெரியாது. ஒருநாள் பக்கத்து வளவு ஐயா சைக்கிளோடு வாசலுக்கே வந்துவிட்டார். "தம்பி, உன்ர வான் எதிர வந்தா எனக்கு றோட்டு ஒண்டும் தெரியேல்லை. நேற்று வாய்க்காலுக்குள்ள இறங்கீட்டன்." இத்தனைக்கும் நான் டிம்மில்தான் வந்திருந்தேன்.

காரணம் எச்4 பல்புக்குள் இருக்கிறது. டிம் இழைக்குக் கீழே சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. அதனால் வெளிச்சம் றிஃப்ளெக்டரின் மேற்பாதியில் மட்டும் பட்டு, றோட்டை நோக்கிக் கீழே இறங்கும். இழை ஒரு மில்லிமீற்றர் விலகினாலே கணக்குப் பிழைக்கும். நான் போட்ட எல்ஈடியில் தடித்த பலகையின் இரு பக்கமும் வெளிச்சம் தரும் சிப். இழை இருக்கவேண்டிய இடத்தில் வெளிச்சமே இல்லை. எல்லாப் பக்கமும் சிதறி, எதிரே வருபவரின் முகத்துக்குப் போகிறது. அவர் கண் கூசி நிற்கும் அந்த ஓரிரு கணத்தில் இடையில் ஒரு மாடோ லைற் இல்லாத சைக்கிளோ வந்தால்? நான் போட்டது மலிவுச் சோடி. சிப்பை இழையின் இடத்திலேயே பொருத்திய விலை கூடியவையும் உண்டு. ஓட்டிப் பார்க்காததால் அவற்றைத் திட்ட மாட்டேன்.

சரி, வயரிங். என்ஜின் ஓடும்போது பற்றரியில் 13.8 வோல்ற், பல்பின் சொக்கெற்றில் 12.1. மிச்சம் பழைய வயரிலும் சுவிச்சிலும் கரைந்திருந்தது. இழை பல்புக்கு வோல்ற் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் பெரிதாக விழும். 10 வீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 வீதம் போய்விடும். என் பல்ப் இவ்வளவு நாளும் பாதிப் பட்டினியில் எரிந்திருக்கிறது! பற்றரியிலிருந்து ஃபியூஸ் போட்ட தடித்த வயர், டிம்முக்கும் பிறைற்றுக்கும் ஒவ்வொரு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிச்), வானின் பொடியில் நல்ல ஏர்த். பழைய சுவிச் ரிலேயை மட்டும் தட்டிவிடும். வயரிங்காரருக்கு அரை நாள் வேலை. இப்போது சொக்கெற்றில் 13.5. வோல்ற் கூடியதால் பல்ப் சீக்கிரம் போகக்கூடும். ஆனால் எச்4 கிளிநொச்சியில் எந்த ஸ்பெயார் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும்.

கடைசியாகச் சுவர் வேலை. சம தரையில் சுவருக்கு 10 மீற்றர் தள்ளி வானை நிறுத்தி, பல்பின் உயரத்தைச் சுவரில் குறித்தேன். டிம்மின் மேல்விளிம்பு அந்தக் குறிக்கு 10 சென்ரிமீற்றர் கீழே நிற்கவேண்டும். இடப்பக்கம் மட்டும் சற்று ஏறலாம், நாம் இடப்பக்கம் ஓடுபவர்கள். அறுவடைக் காலத்தில் பின்னால் நெல் மூட்டை ஏற்றுபவர்கள் மூட்டையோடேயே அளக்கவேண்டும். பின்பக்கம் தாழ்ந்தால் எந்தப் பல்பும் மேலே பார்க்கும்.

ஐயா இப்போது எதிரே வந்தால் கையைத் தூக்கிவிட்டுப் போகிறார். எல்ஈடி சோடி வயல் கொட்டிலில் பழைய பற்றரி ஒன்றோடு எரிகிறது. யானைக்குக் கண் கூசினால் எனக்குச் சந்தோசம்தான்.