கதைசொல்லல் பயிற்சி என்ற பெயரில் இலவச உழைப்பு: தருமபுரியில் சேருமுன் இதைப் படியுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காட்சித் தொடர்பியலோ இதழியலோ தமிழிலக்கியமோ படித்து முடித்துவிட்டு முதல் வேலைக்கு அலைந்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தருமபுரி நகரில் இயங்கும் இலாப நோக்கமற்ற கலை அமைப்பு ஒன்று, ‘டிஜிட்டல் கதைசொல்லல்’ என்ற பெயரில் மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்கு ஆண்டுதோறும் ஆள் எடுக்கிறது. சென்ற ஆண்டு அதில் சேர்ந்து முழுக் காலமும் இருந்தவள் நான். அங்கே எடுத்த படங்களில் என் பெயரைச் சேர்க்கக் கோரிக் கொடுத்த மனு இன்னும் நிலுவையில் இருப்பதால் அமைப்பின் பெயரைத் தவிர்க்கிறேன். வேலை வாங்கிய முறையைத் தெரிந்துகொண்டால், அது எந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நடந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

இது போலி அமைப்பு அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அறக்கட்டளைப் பதிவு, வரிச்சலுகைக்கான வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகள், தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் அடையாள எண், பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெறுவதற்கு 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சிஎஸ்ஆர்-1 பதிவு என அனைத்தும் முறையாக இருந்தன. சிலவற்றைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியும் இருந்தார்கள். சேருமுன் நானும் என் அண்ணனும் இவற்றைச் சரிபார்த்தோம். ஆனால் அந்தச் சான்றுகள் ஓர் அமைப்பு நன்கொடை வாங்கத் தகுதியுடையது என்பதை மட்டுமே சொல்கின்றன. உள்ளே உழைப்பவரை அது எப்படி நடத்துகிறது என்பதைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் கிடையாது.

அறிவிப்பு ஆசை காட்டும்படிதான் இருந்தது. பாரதக் கூத்துக் கலைஞர்கள், நடுகற்கள் நிற்கும் ஊர்கள், எருது விடும் விழா நடத்தும் குடும்பங்கள் ஆகியோரின் கதைகளை அவரவர் குரலிலேயே பதிவு செய்யப் பயிற்சி தருவதாகவும், படங்களில் பயிற்சியாளரின் பெயர் இடம்பெறும் என்றும், ‘வாய்ப்பிருப்பின்’ ஊக்கத்தொகை உண்டு என்றும் எழுதியிருந்தார்கள். அந்த ‘வாய்ப்பிருப்பின்’ கடைசிவரை வரவில்லை. மாறாக, சேரும் நாளில் திருப்பித் தரத்தக்க வைப்புத்தொகை என்று 3,000 ரூபாயை ஜிபே மூலம் வாங்கிக்கொண்டார்கள். ரசீது கேட்டதற்கு, பணம் போனதற்கான திரைப்பிடிப்பே போதும் என்றார்கள். கைபேசி, இணையக் கட்டணம், காவேரிப்பட்டணத்திலிருந்து காரிமங்கலம் வழியாகத் தினமும் வந்துபோகும் பேருந்துச் செலவு எல்லாம் என்னுடையவை.

டிஜிட்டல் கதைசொல்லல் என்பது வெறுமனே காணொளி எடுப்பதற்கான நாகரிகப் பெயர் அன்று. 1990களில் கலிஃபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் அவருடைய நண்பர்களும் வளர்த்தெடுத்த பட்டறை முறை அது. சிலர் வட்டமாக அமர்ந்து தத்தம் கதையைச் சொல்லிப் பார்ப்பார்கள். பிறகு கதைக்குரியவரே எழுதி, தன் குரலிலேயே பதிவு செய்து, தன்னிடமுள்ள புகைப்படங்களைச் சேர்த்துச் சில நிமிடப் படமாக்குவார். பயிற்றுநர் உதவிக்கு இருப்பாரே தவிர, கதையை எடுத்துக்கொள்ள மாட்டார். எங்களுக்கு முதல் வாரத்தில் இதையெல்லாம் அழகான படக்காட்சிகளோடு சொல்லித்தந்தார்கள். உண்மையைச் சொன்னால், அந்த வாரம் மட்டும் நல்ல பயிற்சிதான்.

அடுத்த வாரத்திலிருந்து எங்களிடம் ஒரு பட்டியல் தரப்பட்டது: இத்தனை கலைஞர்கள், இத்தனை நிமிடக் காட்சி, இந்தத் தேதிக்குள். பென்னாகரம் பக்கமும் பாலக்கோடு பக்கமும் திரௌபதி அம்மன் கோயில்களில் 18 நாள் பாரதம் நடக்கும் பருவம் அது. பகலெல்லாம் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. நாங்கள் விடிய விடிய விழித்துப் படம் பிடித்து, காலையில் அலுவலகம் வந்து கோப்புகளை அமைப்பின் டிரைவ் கணக்கில் ஏற்றி, சொந்தக் கைபேசியிலிருந்து அழித்ததை ஒருங்கிணைப்பாளரிடம் காட்ட வேண்டும். நகல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது வாய்மொழி விதி. கடிதத்தில் அது இல்லை.

ஒரு விடியலில் நடந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். துச்சாதனன் வேடம் கட்டிய முதிய கூத்து வாத்தியார் ஒருவர், கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தொட்ட பழைய வேட்டித் துண்டால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் சிவப்பு இன்னும் போகவில்லை. அப்போது ஒருங்கிணைப்பாளர் இரண்டு பக்க ஆங்கிலப் படிவத்தையும் பேனாவையும் அவர் முன் நீட்டினார். வாத்தியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம், “இதுல என்ன கண்ணு எழுதியிருக்குது?” என்று கேட்டார். நான் வாங்கி, பதிவு செய்த எதையும் எந்த வடிவிலும் எக்காலத்துக்கும் அமைப்பு பயன்படுத்தலாம், அதற்கு ஈடாக எதுவும் கோரப்பட மாட்டாது என்ற வரியைத் தமிழில் சொன்னேன். “ஏம்மா, இதெல்லாம் ஃபார்மாலிட்டி. நேரமாகுது, கையெழுத்து வாங்கு” என்றார் ஒருங்கிணைப்பாளர். வாத்தியார் கையெழுத்துப் போடவில்லை. அவரோடு இருந்த முகவீணைக்காரரும் ஆர்மோனியக்காரரும் அதற்குள் போட்டு முடித்திருந்தார்கள். பேசிய மதிப்பூதியத்துக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பொன்னாடையும், அதைப் போர்த்தும்போது எடுத்த புகைப்படமும். அந்தப் புகைப்படத்தைக்கூட அவர்களுக்கு அனுப்பியது நான்தான்.

பயிற்சி முடிந்த அன்று மாலையே டிரைவ் கணக்கில் எங்கள் அனுமதி நீக்கப்பட்டது. சில வாரங்கள் கழித்து அமைப்பின் யூடியூப் பக்கத்தில் படங்கள் வெளியாயின. கலைஞர்களின் குரலைக் குறைத்து, மேலே சென்னையில் பதிவு செய்த ஒரு வருணனைக் குரல் ஓடுகிறது. நான் எழுதிய உரையில் பாதி அப்படியே இருக்கிறது. படத்தின் முடிவில் இயக்கம், ஒளிப்பதிவு, எழுத்து என்று மூன்று பெயர்கள். அவர்களில் ஒருவரும் அந்த ஊர்களுக்கு வந்ததில்லை. எங்களுக்கு ‘தன்னார்வலர்களுக்கு நன்றி’ என்ற ஒற்றை வரி.

இதைவிட என்னை உறுத்தியது ஆண்டறிக்கை. நிதிக்கொடையாளருக்காக அச்சிட்ட அந்த அறிக்கையில், ‘திறன் பயிற்சி பெற்ற ஊரக இளைஞர்கள்’ என்ற தலைப்பின் கீழ் என் புகைப்படம் இருக்கிறது. நான் அங்கே பயனாளி. அதே அறிக்கையின் இன்னொரு பக்கத்தில், நாங்கள் எடுத்த படங்கள் தொழில்முறைக் குழுவைக் கொண்டு தயாரிக்கப்பட்டவையாகக் காட்டப்படுகின்றன. ஒரே உழைப்பை ஒரு பக்கம் எங்களுக்குச் செய்த உதவியாகவும் மறுபக்கம் தங்கள் படைப்பாகவும் கணக்குக் காட்டுகிறார்கள். ஊதியம் தராமல் ஆள் எடுப்பது இவர்களுக்கு ஏன் இவ்வளவு வசதியாக இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒதுக்கித் தந்த வழக்குரைஞர் விளக்கினார். (பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.) 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தம் பணியின் பகுதியாக உருவாக்குவது, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணியளித்தவருக்குச் சேரும். ஆனால் என் சேர்க்கைக் கடிதத்தில், ‘இது பணி நியமனம் அன்று’ என்று அவர்களே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஊதியமும் இல்லை, பணியும் இல்லை என்றால், நான் எழுதிய உரையும் எடுத்த புகைப்படங்களும் எனக்கே உரியவை என்று வாதிட வலுவான இடமுண்டு. உரிமையை மாற்றித் தருவதென்றால் அது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். உரிமையைக் கொடுத்த பின்னரும் ஆக்கியவர் தன் பெயரைக் கோரலாம். காணொளிக்கு மட்டும் வேறு கணக்கு: அதை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரையே சட்டம் தயாரிப்பாளராகக் கருதுவதால், கேமரா பிடித்தவர் தானாகவே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. ஆகவே, காணொளி எடுக்கப் போகிறவர்களுக்குத்தான் எழுத்து ஒப்பந்தம் மிகவும் தேவைப்படுகிறது.

கலைஞர்களுக்கும் அதே சட்டத்தில் நிகழ்த்துநர் என்ற முறையில் 50 ஆண்டு உரிமை இருக்கிறது. ஆனால் படத்தில் சேர்க்க எழுத்து மூலம் இசைந்துவிட்டால், பிறகு தயாரிப்பாளர் அதைப் பயன்படுத்துவதைத் தடுப்பது கடினம். கையெழுத்துப் போடாத வாத்தியாரின் நிலை இன்று முகவீணைக்காரரின் நிலையைவிடப் பலமானது. கூத்துக் குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் இந்தப் பதிவைப் படிக்கப் போவதில்லை.

வழக்குரைஞர் அறிவிப்பு அனுப்பிய பிறகு வைப்புத்தொகை திரும்பி வந்தது, மன்னிப்போ விளக்கமோ இல்லாமல். சான்றிதழ் அஞ்சலில் வந்தது; அதில் ‘களத் தன்னார்வலர்’ என்று போட்டிருக்கிறார்கள். படங்களில் பெயர் சேர்ப்பது பற்றிய மனுவுக்கு அமைப்பு இன்னும் பதில் தரவில்லை.

அடுத்த அணிக்கான அறிவிப்பு இப்போது வெளியாகியிருக்கிறது. வைப்புத்தொகை 4,000 ரூபாயாகியிருக்கிறது. தேர்வானவர்கள் சேரும் நாளன்றுதான் ஒப்பந்தம் வழங்கப்படும் என்றும் எழுதியிருக்கிறார்கள். நேர்காணலுக்குப் போகிறவர்கள், பணம் கட்டுமுன்னரே உங்கள் சேர்க்கைக் கடிதத்தின் மாதிரியையும் கலைஞர்களிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தின் தமிழ் மாதிரியையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். உரைக்கும் படத்துக்கும் யார் பெயர் வரும், மூலக் காட்சிகளின் நகல் உங்களிடம் இருக்கலாமா, ஊக்கத்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் என்பவை அதில் இருக்க வேண்டும். தொலைபேசியில் சொல்கிறோம் என்றால், போக வேண்டாம். முந்தைய அணிகளில் இருந்தவர்கள் யாரேனும் இதே காரணத்துக்காக மனு கொடுக்க விரும்பினால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். சேர்க்கைக் கடிதத்தையும் பணம் அனுப்பிய திரைப்பிடிப்பையும் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.