வக்கீல் ஆகாமல் சட்டம் படிப்பது: எம்.எல்.எஸ்.ஸா, பகுதிநேர ஜே.டி.யா, சான்றிதழே போதுமா?

அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகளின் விவரங்கள் இருந்த லேப்டாப் ஒன்று தொலைந்துவிட்டது. அதில் என்கிரிப்ஷனும் கிடையாது. தொலைத்தவர் மார்ச் 3 அன்றே ஹெல்ப் டெஸ்க்கில் சொல்லிவிட்டார். மேலாளர் காதுக்கு விஷயம் வந்தது மார்ச் 20. நோயாளிகளின் விவரங்களைப் பாதுகாக்கும் மத்தியச் சட்டமான ஹிப்பாவின் விதிப்படி நோயாளிகளுக்குத் தகவல் சொல்ல அதிகபட்சம் 60 நாள். அந்த 60 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

மேலாளர் மார்ச் 20 என்பார். விதியைக் கேட்டால் மார்ச் 3. தவறு செய்தவரைத் தவிர வேறு எந்த ஊழியருக்குத் தெரியவந்தாலும், அன்றைக்கே நிறுவனத்துக்கும் தெரிந்துவிட்டதாகத்தான் கணக்கு. ஆக, கெடு மே 19 அல்ல, மே 2.

வேலையை விடாமல் சட்டம் படிக்க நினைக்கும் நர்ஸ், எஞ்சினியர், ஹெச்.ஆர். மேலாளர், வங்கி அதிகாரி போன்றவர்களுக்கு அமெரிக்காவில் முக்கியமாக மூன்று வழிகள் உண்டு: கம்ப்ளையன்ஸ் (நிறுவனம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கும் வேலை) அல்லது பிரைவசி சான்றிதழ், வக்கீல் அல்லாதவர்களுக்கான எம்.எல்.எஸ். என்கிற முதுநிலைப் பட்டம், வக்கீலாவதற்கான பட்டமான ஜே.டி.யைப் பகுதிநேரமாகப் படிப்பது. கல்லூரிகளின் விளம்பரங்களைப் படித்தால் மூன்றும் ஒரே ஏணியின் படிகள் போலத் தோன்றும். உண்மையில் மூன்றும் வெவ்வேறு வேலைக்கு ஆனவை. இந்த லேப்டாப் விவகாரத்தை வைத்தே அதைப் பார்த்துவிடலாம்.

சான்றிதழ் வைத்திருப்பவர் விதியைச் சரியாகச் சொல்வார். 60 நாள். பாதிக்கப்பட்டவர்கள் 500 அல்லது அதற்கு மேல் என்றால் மத்திய சுகாதாரத் துறைக்கும் அதே கெடுவுக்குள் அறிக்கை போக வேண்டும். அதற்குக் குறைவு என்றால் அந்தக் காலண்டர் ஆண்டு முடிந்து 60 நாளுக்குள் துறைக்குச் சொன்னால் போதும். அன்றாட வேலைக்கு இது கணிசமான அறிவு, குறைத்து மதிப்பிடக் கூடாது.

எம்.எல்.எஸ். படித்தவர் விதியின் வாசகத்தையே எடுத்துப் படிப்பார். 60 நாள் என்பது வெளி எல்லைதான், அதற்கு முன்பே ‘நியாயமற்ற தாமதம் இல்லாமல்’ என்று ஒரு நிபந்தனை இருப்பது அவர் கண்ணில் படும். எல்லாத் தகவலும் கையில் இருந்தும் 59ஆம் நாள்வரை இழுத்தடித்தால் அதுவே மீறலாகலாம். மாநிலச் சட்டம் இன்னும் கறாராக இருக்கிறதா என்றும் தேடுவார். கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்ற மருத்துவமனைக்கு 15 வேலை நாள்தான். தேடி எடுத்ததை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, வக்கீலிடம் சரியான கேள்வியோடு போவார்.

ஜே.டி. முடித்து, வக்கீல் உரிமத்துக்கான பார் தேர்விலும் தேறியவர்தான் ‘இது என் சட்ட ஆலோசனை’ என்று கையெழுத்துப் போட முடியும். அரசு அபராதம் விதித்தால் எதிர்த்து வாதாட முடிவதும் அவரால்தான்.

முதலில் எம்.எல்.எஸ். பற்றிச் சொல்லிவிடுகிறேன், குழப்பம் அதிகம் அதில்தான். ஒரே சரக்குக்கு ஊருக்கு ஒரு லேபிள்: எம்.எல்.எஸ்., எம்.எஸ்.எல்., எம்.ஜே., ஜே.எம். பெயரைப் பார்த்துத் தரத்தைக் கணிக்க முடியாது. யேல் சட்டக் கல்லூரியின் எம்.எஸ்.எல். பழையது. நியூயார்க் டைம்ஸுக்காக உச்ச நீதிமன்றச் செய்திகளைப் பல்லாண்டுகள் எழுதிய லிண்டா கிரீன்ஹவுஸ் 1978இல் அந்தப் பட்டத்தைப் பெற்றவர். ஆனால் அது ஓராண்டு முழுநேரப் படிப்பு, வேலையில் இருப்பவருக்குத் தோதுப்படாது. இன்று பணியாளர்களைக் குறிவைத்து வருபவை வேறு ரகம். நார்த்வெஸ்டர்ன் தன் எம்.எஸ்.எல்.ஐ அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்காகவே வடிவமைத்தது. அதை ஆன்லைனில் பகுதிநேரமாகவும் முடிக்கலாம். சிகாகோ லயோலாவின் எம்.ஜே.யில் மருத்துவச் சட்டம் பேர்போனது. கார்னெலும் ஆன்லைனில் நடத்துகிறது.

பெரும்பாலான இடங்களில் படிப்பு 30 கிரெடிட்டை (பாட அளவின் அலகு) ஒட்டி இருக்கும். ஜே.டி.க்கான நுழைவுத் தேர்வான எல்சாட் கேட்க மாட்டார்கள், இளநிலைப் பட்டமும் வேலை அனுபவமும் போதும். ஜே.டி.க்கோ வக்கீல்கள் சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷன் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவே 83 கிரெடிட். இந்த வித்தியாசத்தைப் பார்த்து ‘மூன்றில் ஒரு பங்கு படித்தால் மூன்றில் ஒரு பங்கு வக்கீல்’ என்று யாராவது நினைத்தால், அது நடக்காது. எம்.எல்.எஸ்.ஸை வைத்துப் பார் தேர்வு எழுத முடியாது. அந்த அசோசியேஷன் தரச்சான்று தருவதும் ஜே.டி. படிப்புக்குத்தான். மற்ற பட்டங்கள் ஜே.டி.யின் தரத்தைக் கெடுக்காமல் இருந்தால் சரி என்று ஒப்புதல் கொடுப்பதோடு அது ஒதுங்கிக்கொள்கிறது. ‘அசோசியேஷன் அங்கீகரித்த கல்லூரியின் எம்.எல்.எஸ்.’ என்று விளம்பரத்தில் வந்தால் அங்கீகாரம் கல்லூரியின் ஜே.டி.க்கு என்று புரிந்துகொள்ளுங்கள். கிரெடிட்டைப் பிறகு ஜே.டி.க்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் சேரவே கூடாது.

ஒரு விதிவிலக்கு சொல்ல வேண்டும். அரிசோனாவில் லீகல் பாராப்ரொஃபஷனல் என்று ஓர் உரிமம் இருக்கிறது. குடும்ப வழக்குகள், சிறைத்தண்டனை வராத சிறு குற்ற வழக்குகள் போன்ற சில பிரிவுகளில் வக்கீல் அல்லாதவரும் கட்சிக்காரருக்காக ஆஜராகலாம். அதற்கு விண்ணப்பிக்க ஏற்கப்படும் கல்வித் தகுதிகளில் எம்.எல்.எஸ்.ஸும் ஒன்று. தேர்வு தனியாக எழுத வேண்டும். அரிசோனாவில் இருப்பவருக்கு இது கணக்கையே மாற்றிவிடும்.

உரிமம் இல்லாததில் இன்னொரு சிக்கலும் உண்டு, வகுப்பில் சேரும் முன் யாரும் அதை யோசிப்பதில்லை. நிறுவனத்தின் வக்கீலோடு சட்ட ஆலோசனைக்காக நடக்கும் கடிதப் போக்குவரத்துக்கு ரகசியப் பாதுகாப்பு உண்டு. 1981இல் அப்ஜான் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிர்வாகிகளோடு மட்டுமல்லாமல் கீழ்மட்ட ஊழியர்களோடு வக்கீல் பேசுவதற்கும் அது பொருந்தலாம் என்றது. எம்.எல்.எஸ். படித்த கம்ப்ளையன்ஸ் அதிகாரி, வக்கீல் யாரும் கேட்டுக்கொள்ளாமல், தானாகவே ‘நாம் ஹிப்பாவை மீறிவிட்டோம்’ என்று மேலாளருக்கு மெயில் அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடைக்காது. நாளைக்கு வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்டு வாங்குவது அந்த மெயிலைத்தான். அரைகுறையாகத் தெரிந்தவர் சும்மா இருந்திருப்பார். நன்றாகப் படித்தவர் எழுதி மாட்டிக்கொள்வார். நல்ல எம்.எல்.எஸ். பாடத்திட்டம் இதைச் சொல்லிக்கொடுக்கும். சேருமுன் கேட்டுப் பாருங்கள்.

சரி, அப்படியானால் ஜே.டி.யே படித்துவிடலாமே? மாலைநேரக் கல்லூரி, வழக்கமாக நாலு வருஷம். கான்ட்ராக்ட், டார்ட் (நஷ்டஈட்டுச் சட்டம்), சொத்துச் சட்டம், சிவில் நடைமுறை, குற்றவியல், அரசியலமைப்பு என்று அடிப்படைப் பாடங்கள் அத்தனையும் வரும். மருத்துவமனை பிரைவசி அதிகாரி நிலத்தின் எதிர்கால உரிமைகளைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார். பேராசிரியர் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு வழக்கின் தீர்ப்பை விளக்கச் சொல்வார். அன்றைக்கு அலுவலகத்தில் பத்து மணி நேரம் போனதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. இணையவழி இப்போது ஓரளவு கைகொடுக்கிறது. டெக்ஸாஸில் செயின்ட் மேரிஸ் 2022இல் முழுக்க ஆன்லைனில் ஜே.டி.யைத் தொடங்கியது. ஆனாலும் அதன் பிறகு பார் தேர்வு காத்திருக்கிறது. வக்கீலாகவே ஆகிவிட வேண்டும் என்ற ஆசை இல்லாதவருக்கு ஜே.டி. வீண் செலவு, அந்த ஆசை இருப்பவருக்கு எம்.எல்.எஸ். வீண் செலவு. நடுவில் நின்று ‘முதலில் எம்.எல்.எஸ்., அப்புறம் பார்க்கலாம்’ என்பவர்கள் இரண்டுக்கும் பணம் கட்டுவார்கள்.

கல்லூரிக்கே போகாமல் கலிஃபோர்னியாவில் வக்கீல் அலுவலகத்தில் படிக்கும் வழியும் உண்டு: நாலு வருஷம், வாரம் 18 மணி நேரம். நடுவில் முதலாண்டுத் தேர்வு ஒன்று. டி.வி. பிரபலம் கிம் கார்டாஷியன் அதில் 2021இல் நாலாவது முயற்சியில் தேறினார். சம்பளத்தை நம்பி இருப்பவருக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சான்றிதழ்களில் பிரைவசிக்கு ஐ.ஏ.பி.பி. என்ற பிரைவசித் துறையினர் சங்கம் நடத்தும் சி.ஐ.பி.பி., மருத்துவக் கம்ப்ளையன்ஸுக்கு சி.ஹெச்.சி. வேலை விளம்பரங்களில் இவற்றின் பெயரைக் குறிப்பிட்டே கேட்பார்கள், எம்.எல்.எஸ்.ஸைப் பெயர் சொல்லிக் கேட்பது அபூர்வம். எஞ்சினியர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் இன்னும் வலுவான ஒன்று இருக்கிறது: அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பதிவுத் தேர்வு. 100 கேள்வி, ஆறு மணி நேரம், சட்டப் பட்டம் தேவையில்லை. தேறினால் பேடன்ட் ஏஜென்ட். விண்ணப்பத்தை எழுதி, அலுவலகத்தில் அதற்காக வாதாடவும் செய்யலாம். நீதிமன்றம் மட்டும் போக முடியாது. காப்புரிமைதான் குறிக்கோள் என்றால் எம்.எல்.எஸ். கட்டணத்தைக் கட்டுமுன் இந்தத் தேர்வை எழுதிவிடுங்கள். உரிமம் தருவது இதுதான்.

பணம். நிறுவனம் தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி இல்லை. பகுதிநேரப் படிப்பை மூன்று காலண்டர் ஆண்டுகளில் விழுமாறு பரப்பினால் 15,750 டாலர் வரை அப்படி வாங்கலாம். வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற ஷரத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால் 2025இல் வந்த மத்தியச் சட்டத்தின் மாற்றம் முக்கியம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவருக்கு, மேற்படிப்புக்கான மத்திய அரசின் கிராட் பிளஸ் கடன் கிடையாது. தொழில்முறைப் பட்டம் என்ற வகையில் வரும் ஜே.டி.க்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை மத்திய அரசுக் கடன் உண்டு. சாதாரண முதுநிலைப் படிப்புக்கு 20,500 டாலர்தான், எம்.எல்.எஸ். சட்டக் கல்லூரியில் நடந்தாலும் இந்த வரிசையில்தான் நிற்கிறது.

என் கணக்கு இது. வேலை மாற்றத்துக்காகப் படிப்பவர் சான்றிதழில் தொடங்கலாம். ஏற்கெனவே வாரத்தில் பாதி நாள் ஒப்பந்தங்களோடும் ஒழுங்குமுறை அறிக்கைகளோடும் மல்லுக்கட்டுபவர், நிறுவனமும் பாதிக்கு மேல் செலவை ஏற்கும் என்றால், எம்.எல்.எஸ்.ஸில் சேரலாம். வக்கீல் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் ‘இதை நானே எழுதியிருப்பேன்’ என்று கை துறுதுறுக்கிறவர் எல்சாட் புத்தகத்தை வாங்கட்டும்.

எம்.எல்.எஸ். என்று முடிவானால் அட்மிஷன் அலுவலகத்தில் கேட்க வேண்டியவை சில. ஜே.டி. மாணவர்களோடு ஒரே வகுப்பா, தனியாகவா? முழுநேரப் பேராசிரியர்கள் எத்தனை பாடம் எடுக்கிறார்கள்? எழுத்துப் பயிற்சியை யார் திருத்துகிறார்கள்? நாலைந்து பாடத்தோடு நிறுத்திக்கொண்டால் சான்றிதழாவது தருவார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்கிற இடத்தில் முதல் பருவத்துக்கு மட்டும் பணம் கட்டிப் பார்க்கலாம்.