மணிக்கட்டா, இடுப்பா, விரலா? நுரையீரல் நோயாளிக்கு எந்தக் கருவியை நம்பலாம்

அம்மாவுக்கு சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று மருத்துவர் சொன்னபோது, "அவங்க புகை பிடிச்சதே இல்லையே டாக்டர்" என்றுதான் முதலில் கேட்டேன். "நாற்பது வருஷம் விறகு அடுப்புப் புகையில நின்னிருக்காங்கம்மா, அது போதும்" என்றார். இன்ஹேலரோடு இன்னொன்றும் சொன்னார்: "தினம் எவ்வளவு நடக்கிறாங்கன்னு கவனிங்க. நடை குறைஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க."

அதற்காகத்தான் கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட் ஒன்று வாங்கினோம். முதல் வாரமே சந்தேகம் வந்துவிட்டது. மொட்டை மாடியில் அம்மா மெதுவாக நடக்க, கூடவே நடந்து நூறு காலடி எண்ணினேன். பேண்ட் அதைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டியது. அன்று மாலையே, உட்கார்ந்து தேங்காய் துருவிவிட்டு எழுந்தபோது, நடக்காத நடை கணக்கில் ஏறியிருந்தது. அதன் பிறகு காலடி எண்ண இடுப்பில் செருகும் பெடோமீட்டர், ஆக்ஸிஜன் பார்க்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் என்று ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வீட்டில் இளைப்புக்காரர் இருந்தால் பயன்படும்.

காலடிக் கணக்கு: கையா, இடுப்பா?

பேண்டுக்குள் இருப்பது அசைவை உணரும் சிறு சில்லு. கை வீசும் தாளத்தை வைத்துத்தான் அது காலடியைக் கணிக்கிறது. நல்ல ஆரோக்கியமானவர் விறுவிறுவென்று நடந்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மூச்சு வாங்குகிறவர் நான்கு எட்டு வைப்பார், நிற்பார், சுவரைப் பிடிப்பார், மறுபடி நடப்பார். கை வீச்சே இருக்காது. வேகம் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்குக் கீழே இறங்க இறங்க பேண்ட் தவறவிடும் காலடிகள் கூடிக்கொண்டே போகும். சக்கர வாக்கரைப் பிடித்துத் தள்ளுபவருக்கு மணிக்கட்டு அசையவே அசையாது. அவர் நடப்பதாகவே பேண்டுக்குத் தெரியாது.

இடுப்பு அப்படியல்ல. கை சும்மா இருந்தாலும் ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பு ஏறி இறங்கும். ஐரோப்பாவின் புரோஆக்டிவ் ஆய்வுக் குழு பல கருவிகளை சி.ஓ.பி.டி. நோயாளிகளிடமே சோதித்தபோது மேலெழுந்து நின்ற டைனாபோர்ட், ஆக்டிகிராஃப் இரண்டும் இடுப்பில் அணிந்து சோதிக்கப்பட்டவை. அவை ஆய்வுக்கூடங்களுக்கானவை, நம் வீட்டுக்கு வராது. ஆனால் அணியும் இடம் பற்றிய பாடம் சாதாரணப் பெடோமீட்டருக்கும் பொருந்தும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பழைய ஸ்பிரிங் வகை, மெதுவான நடையின் லேசான அதிர்வைப் பிடிக்காது. எலக்ட்ரானிக் சென்சார் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

சேலை கட்டுபவருக்கு பெல்ட் ஏது? அம்மாவுக்குப் பாவாடை நாடாவில், இடுப்பெலும்புக்கு மேலே செருகிவிட்டோம். நன்றாக நின்றது. கணுக்காலில், கொலுசு போடும் இடத்தில், பேண்டையே கட்டிவிடுவது இன்னொரு வழி. மெதுவாக நடப்பவர்களிடம் மணிக்கட்டைவிடக் கணுக்கால் கணக்கு சரியாக இருப்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அம்மா அதற்கு ஒப்பவில்லை. "கால்ல என்னடி கடிகாரம்" என்று கழற்றி வைத்துவிட்டார்.

கைப்பேசியிலும் காலடி எண்ணலாம் என்பார்கள். வீட்டுக்குள் கைப்பேசியை மடியில் கட்டிக்கொண்டு நடக்கும் அம்மாக்கள் எத்தனை பேர்? அதை விட்டுவிடலாம்.

கணக்கு கொஞ்சம் குறைந்தால் என்ன, ஏற்ற இறக்கம் தெரிந்தால் போதாதா என்று நானும் நினைத்திருந்தேன். தவறு எப்போதும் ஒரே அளவில் இருந்தால் அது சரிதான். ஆனால் இந்த நோயில் தவறின் அளவே மாறுகிறது. உடம்பு மோசமானால் நடை மெதுவாகும். மெதுவானால் பேண்ட் கூடுதலாகத் தவறவிடும். சற்றுக் குறைந்த நடை, பாதியாகக் குறைந்ததுபோலத் தெரியும். பயிற்சியால் தேறி வேகமாக நடந்தாலோ, முன்பு விட்டுப்போன காலடிகளும் சேர்ந்து பெரிய முன்னேற்றமாகத் தெரியும். நாளுக்கு 600 முதல் 1100 காலடி வரையிலான மாற்றமே சி.ஓ.பி.டி. நோயாளிக்குப் பொருளுள்ள மாற்றம் என்று 2016-இல் வந்த ஒரு ஆய்வு கணித்தது. நாளுக்கு மூவாயிரம் காலடி நடப்பவரிடம் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடும் கருவி, நாம் தேடும் மாற்றத்தின் அளவையே விழுங்கிவிடுகிறது. காலடிக்கு இடுப்புதான் என்று நான் முடிவுகட்டியது இதனால்தான்.

ஆக்ஸிஜன்: மணிக்கட்டா, விரலா?

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று காட்டும் எண் இது. பயப்படவும், ஏமாறவும் அதிக வாய்ப்புள்ளதும் இதுதான். விரல் கருவி என்பது, 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தெருவுக்குத் தெரு ஆக்ஸிமீட்டர் தேடி அலைந்தோமே, அதே கருவிதான். 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி கண்ட முறை: சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும்போது, ரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சியது என்று பார்ப்பது. ஸ்மார்ட் வாட்சில் ஒளி மறுபக்கம் போவதில்லை; எலும்பும் தசைநாரும் நிறைந்த மணிக்கட்டில் பட்டுத் திரும்புவதைத்தான் அளக்கிறது. அங்கே ரத்த ஓட்டத்தின் துடிப்பும் பலவீனம். வளையல் இடித்துப் பட்டை நகர்ந்தாலே எண் மாறும். 2020-இல் ஆப்பிள் வாட்சில் இந்த வசதி வந்தபோதே, இது மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அந்த நிறுவனமே சொன்னது.

விரல் கருவியும் துல்லியமானது என்று எண்ண வேண்டாம். மருத்துவத் தரத்துக்கான சர்வதேச அளவுகோலே 4 புள்ளி வரை விலகலை ஏற்கிறது. அப்படிப்பட்ட கருவி 90 காட்டினால், உண்மை பெரும்பாலும் 86-க்கும் 94-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதற்கு வெளியே இருக்கவும் வாய்ப்புண்டு. வீட்டில் நீண்டகால ஆக்ஸிஜன் தேவையா என்று மருத்துவர்கள் யோசிக்கும் எல்லை 88. அந்தக் கோட்டருகே இருப்பவருக்கு தமனியில் ரத்தம் எடுத்துச் செய்யும் பரிசோதனைதான் தீர்ப்பு.

நம் தோல் நிறத்தையும் சொல்ல வேண்டும். 2020-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியும் ரத்தத்தில் 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். கருத்த தோலில் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் ஆபத்து நமக்கும் உண்டு. புகை பிடிப்பவரின் ரத்தத்தில் கலந்த கார்பன் மோனாக்சைடையும் சாதாரண ஆக்ஸிமீட்டர் ஆக்ஸிஜன் என்றே எண்ணிக்கொள்ளும். மருதாணி அடர்ந்த விரல், நகப்பூச்சு, சில்லிட்ட கை எல்லாமே எண்ணைக் கெடுக்கலாம்.

இவ்வளவு குறையிருந்தும் விரல் கருவியைத்தான் தேர்ந்தேன். காரணம், இளைப்புக்காரருக்கு ஆக்ஸிஜன் விழுவது பெரும்பாலும் நடக்கும்போது. உட்கார்ந்தால் 94 இருப்பவர் கழிப்பறை போய் வந்தால் 87-க்கு இறங்கலாம். ஸ்மார்ட் வாட்ச் கையை அசைக்காமல் வைத்தால்தான் அளக்கும். எண் வருவதற்குள் மூச்சு தேறியிருக்கும். விரல் கருவியை நடை நின்ற கணமே மாட்டிவிடலாம். எண் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள், மாட்டியதும் வரும் முதல் எண்ணை அல்ல.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்கள், கருவி காட்டும் எண்ணைப் பார்த்துத் தாங்களாகவே அளவைக் கூட்டிவிடாதீர்கள். இந்த நோயில் பலருக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. அதற்கு மேல் ஏற்றினால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரை போகலாம். அந்த வாயுவை இந்தக் கருவிகள் எதுவும் அளப்பதில்லை.

மற்ற எண்கள்

கலோரியைப் பார்க்கவே வேண்டாம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது கலோரியில் மிகச் சிறந்ததே 27 சதவீதம் தவறியது, மிக மோசமானது 93 சதவீதம். அதுவும் ஆரோக்கியமானவர்களிடம். மூச்சு விடவே கூடுதல் சக்தி செலவழிக்கும் உடம்பு அந்தக் கணக்கில் இல்லை. இதயத் துடிப்பில் ஆறு கருவிகளின் தவறு 5 சதவீதத்துக்குள் இருந்தது. ஆனால் துடிப்பு ஒழுங்கற்றவர்களிடம் அது தடுமாறும். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து எடுத்தபின் துடிப்பு ஏறுவதும் இயல்பே.

பேண்டுக்கு வேலையே இல்லையா என்றால், இரவில் உண்டு. தூக்கத்தில் கை அதிகம் அசையாது. அப்போது அது கணிக்கும் மூச்சு எண்ணிக்கை, அவரவரின் பழைய இரவுகளோடு ஒப்பிடத் தகுந்தது. வழக்கமாக நிமிடத்துக்கு 17 இருப்பவருக்கு மூன்று நான்கு இரவு தொடர்ந்து 20, 21 என்று ஏறி, சளியும் மஞ்சளானால் காத்திருக்கக் கூடாது.

இப்போது அம்மாவின் பாவாடை நாடாவில் பெடோமீட்டர், இரவில் மட்டும் கையில் பேண்ட், மாடிக் கதவருகே ஆணியில் ஆக்ஸிமீட்டர். ஒரு நாற்பது பக்க நோட்டில் காலடி, நடைக்கு முன் ஆக்ஸிஜன், நடை முடிந்ததும் ஆக்ஸிஜன், சளியின் நிறம் என்று நான்கு பத்தி. போன முறை மருத்துவர் செயலியைப் பார்க்கவில்லை. அந்த நோட்டை வாங்கி, மூன்றாம் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனார்.